இயற்கணிதப் பின்னத்தைச் சுருக்குதல்: எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களும், வீட்டில் அவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'விகிதமுறு கோவை' என்று வருவதும், இலங்கையில் 'அட்சரகணிதப் பின்னம்' என்று படிப்பதும் இதைத்தான். பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்தே எழுதப்பட்டிருப்பதால் முதல் முறை வரிசையாகப் படித்துவிடுங்கள்.

நோட்டில் எக்ஸ், ஒய் என்று எழுதும் மாறிகளுக்கு இங்கே க, ப என்ற எழுத்துகள். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது தொகுதி (மேலே), பின்னால் இருப்பது பகுதி (கீழே). நோட்டில் எழுதும்போது கிடைக்கோடு போட்டு மேலும் கீழுமாகவே எழுதுங்கள். பாதிப் பிழை அதிலேயே குறையும்.

1. 'அடிக்கிறது'ன்னா உண்மையில என்ன நடக்குது? அடிச்ச எண்ணெல்லாம் எங்க போகுது?

எங்கும் போவதில்லை. மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் வகுக்கிறோம், அவ்வளவுதான். 12/18 என்பதை (6 × 2)/(6 × 3) என்று எழுதலாம். அது 6/6 × 2/3. இதில் 6/6 என்பது 1. ஒன்றால் பெருக்கினால் மதிப்பு மாறாது. அதனால் 2/3 மட்டும் எழுதுகிறோம். கோடு போட்டு அடிப்பது இந்த மூன்று படிகளையும் ஒரே கோட்டில் முடிக்கும் குறுக்குவழி.

இதிலிருந்தே இரண்டு நிபந்தனைகள் வருகின்றன. அடிக்கப்படுவது மேலே உள்ள முழுத் தொகுதியையும் கீழே உள்ள முழுப் பகுதியையும் பெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அது பூஜ்யமாக இருக்கக் கூடாது. 0/0 என்பது 1 அல்ல. அதற்கு மதிப்பே கிடையாது. முதல் நிபந்தனையை மீறுவதால் வரும் பிழைகள்தாம் அதிகம். இரண்டாவதை மறந்தால் வரும் சிக்கல் 17-ஆம் கேள்வியில் வருகிறது.

2. உறுப்பு, காரணி ரெண்டும் குழப்புது. பார்த்த உடனே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கூட்டலாலும் கழித்தலாலும் சேர்ந்திருப்பவை உறுப்புகள். பெருக்கலால் சேர்ந்திருப்பவை காரணிகள். 5க(க + 2) என்பதில் 5, க, (க + 2) மூன்றும் காரணிகள். 5க + 2 என்பதில் 5க, 2 இரண்டும் உறுப்புகள். இரண்டில் ஒன்றுகூட இந்தக் கோவைக்குக் காரணி இல்லை.

சந்தேகம் வந்தால் க-வுக்கு ஓர் எண்ணைப் போட்டு மதிப்புக் கண்டுபிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் செய்யும் செயல் எது? அது பெருக்கல் என்றால் காரணிகள். கூட்டலோ கழித்தலோ என்றால் உறுப்புகள். 3(க + 1) + க என்பதில் அடைப்புக்குறியைப் பார்த்ததும் காரணி என்று தோன்றும். ஆனால் கடைசியில் செய்வது கூட்டல். ஆகவே கீழே (க + 1) இருந்தாலும் இதனோடு அதை அடிக்க முடியாது.

3. (க + 3)/3. மேல ஒரு 3, கீழ ஒரு 3. அடிச்சா என்ன தப்பு?

க = 6 என்று போட்டுப் பாருங்கள். மேலே 9, கீழே 3, விடை 3. அடித்துவிட்டு 'க' என்று எழுதினால் 6 வருகிறது. சிலர் மேலே இருக்கும் 3-ஐ 1 ஆக்கி 'க + 1' என்று எழுதுவார்கள், அது 7. இரண்டும் தப்பு.

காரணம் இதுதான். பின்னக்கோடு ஓர் அடைப்புக்குறியின் வேலையையும் செய்கிறது. (க + 3)-ஐ 3-ஆல் வகுக்கச் சொன்னால், க-வையும் வகுக்க வேண்டும், 3-ஐயும் வகுக்க வேண்டும்: க/3 + 1. 3-ஐ மட்டும் வகுத்துவிட்டு க-வை அப்படியே விடுவதால்தான் விடை கெடுகிறது. க = 6 என்றால் 6/3 + 1 = 3, சரியாக வருகிறது.

இதையே (3க + 3)/3 என்பதோடு ஒப்பிடுங்கள். மேலே 3(க + 1) என்று எடுத்து எழுதினால் 3 முழுத் தொகுதியையும் பெருக்குகிறது. இப்போது தாராளமாக அடிக்கலாம். விடை க + 1. பொதுக் காரணியை வெளியே எடுக்காமல் நேரடியாக அடிக்கப் போனால் ஒரு 3-ஐ அடித்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டு, 'க + 3' என்றோ '3க + 1' என்றோ எழுதிவிடுவார்கள். முதலில் காரணிப்படுத்து, பிறகு அடி. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

4. 16/64-ல 6-ஐ அடிச்சா 1/4 வருது. அது சரியான விடைதானே?

விடை சரி, வழி தப்பு. 16 என்பது 10 + 6. 64 என்பது 60 + 4. இரண்டிலும் 6 என்ற இலக்கம் ஒரு கூட்டலுக்குள் இருக்கிறது, காரணியாக இல்லை. ஈரிலக்கத் தகுபின்னங்களில், பூஜ்யத்தை அடிக்கும் 20/50 போன்றவற்றை விட்டுவிட்டால், இலக்கத்தை அடித்துத் தற்செயலாகச் சரியாகும் பின்னங்கள் நான்கே: 16/64, 19/95, 26/65, 49/98. அதே வேலையை 13/34-இல் செய்து பாருங்கள். 1/4 என்று வரும், உண்மையில் அது சுருங்கவே சுருங்காது.

5. எல்லாமே பெருக்கல்ல மட்டும் இருந்தா?

அதுதான் மிக எளிது. 24க³ப²/(36கப⁵) என்று இருக்கிறது. எண்களைத் தனியாகப் பாருங்கள்: 24, 36 இரண்டையும் 12-ஆல் வகுத்தால் 2/3. க: மேலே மூன்று, கீழே ஒன்று; மேலே க² மிஞ்சும். ப: மேலே இரண்டு, கீழே ஐந்து, கீழே ப³ மிஞ்சும். விடை 2க²/(3ப³).

அடுக்குகளைக் கழிக்க வேண்டும், வகுக்கக் கூடாது. க⁶/க² என்பது க⁴. க³ என்று எழுதுபவர்கள் நிறைய. ஆறு க-க்களை வரிசையாக எழுதி இரண்டை அடித்தால் எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

6. கூட்டல் கழித்தல் எல்லாம் கலந்து வந்தா எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

தொகுதியையும் பகுதியையும் தனித்தனிக் கணக்காக நினைத்துக் காரணிப்படுத்துங்கள். முதல் வேலை, எல்லா உறுப்புகளிலும் பொதுவாக இருப்பதை வெளியே எடுப்பது. இதை விட்டுவிட்டு நேராக முற்றொருமைக்குப் போனால் 2க² − 18 போன்றவை காரணிப்படாதது மாதிரித் தெரியும். 2-ஐ எடுத்துவிட்டால் உள்ளே க² − 9 தெரிந்துவிடும். அதன் பிறகு உறுப்புகளை எண்ணுங்கள். இரண்டு என்றால் வர்க்கங்களின் வித்தியாசமா, கனங்களின் கூடுதலா, வித்தியாசமா என்று பாருங்கள். மூன்று என்றால் நடு உறுப்பைப் பிரியுங்கள். நான்கு என்றால் இரண்டிரண்டாகச் சேருங்கள்.

ஒரு கணக்கை முழுசாகப் பார்ப்போம்: (க² + 5க + 6)/(க² − 4). மேலே பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் எண்கள் 2, 3. ஆகவே (க + 2)(க + 3). கீழே வர்க்கங்களின் வித்தியாசம்: (க + 2)(க − 2). இரண்டு வரியையும் மேலும் கீழுமாக எழுதிவிட்டு, (க + 2) என்ற முழு அடைப்பையும் ஒரே பொருளாக அடியுங்கள். மிஞ்சுவது (க + 3)/(க − 2). இங்கே நிறுத்த வேண்டும். மேலேயும் கீழேயும் க இருக்கிறதே என்று அதையும் அடித்து −3/2 என்று முடிப்பது 3-ஆம் கேள்வியில் பார்த்த அதே பிழை. சரியாகச் செய்த கணக்கைக் கடைசி வரியில் கெடுப்பது பெரும்பாலும் இதுதான்.

7. க²-க்கு முன்னாடி எண் இருந்தா நடு உறுப்பைப் பிரிக்கிறது எப்படி?

(2க² + க − 6)/(4க² − 9) என்று எடுத்துக்கொள்வோம். முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்குங்கள்: 2 × (−6) = −12. பெருக்கினால் −12, கூட்டினால் 1 வரும் எண்கள் 4, −3. நடு உறுப்பை அப்படியே பிரித்து எழுதுங்கள்: 2க² + 4க − 3க − 6. முதல் இரண்டில் 2க, அடுத்த இரண்டில் −3 வெளியே: 2க(க + 2) − 3(க + 2) = (க + 2)(2க − 3). கீழே (2க − 3)(2க + 3). விடை (க + 2)/(2க + 3).

4, −3 கிடைத்ததும் அவசரப்பட்டு (க + 4)(க − 3) என்று எழுதிவிட வேண்டாம். அதை விரித்தால் மாறிலி −12 வரும், நமக்கு வேண்டியது −6.

8. (2க + 6)/2க-ல 2க-வை அடிச்சா 6 தானே?

இல்லை. மேலே 2க ஓர் உறுப்பு. பொதுவாக இருப்பது 2 மட்டும்: 2(க + 3)/(2க) = (க + 3)/க. இங்கே முடிந்தது. வேண்டுமானால் பிரித்து 1 + 3/க என்று எழுதலாம், மதிப்பு அதேதான்.

இன்னொரு விஷயம்: கணினியிலோ கைப்பேசியிலோ தட்டச்சு செய்யும்போது பகுதி முழுவதற்கும் அடைப்புக்குறி போடுங்கள். 1/2க என்று எழுதினால் அரை க-வா, ஒன்றின் கீழ் 2க-வா என்று படிப்பவருக்குத் தெரியாது.

9. மேல இருந்த எல்லாமே அடிபட்டுப் போச்சு. மேல 0 போடணுமா?

1 போட வேண்டும். (க + 4)/(க² − 16) = (க + 4)/((க + 4)(க − 4)) = 1/(க − 4). அடிப்பது என்பது வகுப்பது; தன்னைத் தானே வகுத்தால் 1 (1-ஆம் கேள்வி). கீழே எல்லாம் அடிபட்டால் பகுதி 1, அதை எழுதத் தேவையில்லை.

10. (5 − க)-வும் (க − 5)-ம் ஒண்ணா வேறயா? அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் −1 மிஞ்சும். 5 − க = −1(க − 5). ஆகவே (5 − க)/(க − 5) = −1. க = 7 போட்டால் −2/2. கூட்டலில் இந்தத் தொல்லை இல்லை: (5 + க), (க + 5) இரண்டும் ஒன்றே, அடித்தால் 1. இரட்டைப்படை அடுக்கில் குறி மறைந்துவிடும், (5 − க)² = (க − 5)². ஒற்றைப்படை அடுக்கில் அப்படியே நிற்கும்.

(9 − க²)/(க² − க − 6) என்ற கணக்கு இதற்கென்றே கொடுக்கப்படுவது. மேலே (3 − க)(3 + க), கீழே (க − 3)(க + 2). (3 − க)-வை −(க − 3) என்று மாற்றி எழுதுங்கள். விடை −(க + 3)/(க + 2). அந்தக் கழித்தல் குறியைப் பின்னத்துக்கு முன்னால் வைப்பதுதான் பாதுகாப்பு. மேலே கொண்டுபோக வேண்டும் என்றால் −க − 3 என்று இரண்டு உறுப்புக்கும் குறி மாற வேண்டும். −க + 3 என்று எழுதினால் கணக்கு போச்சு.

11. க² + 9-ஐ (க + 3)(க + 3)-னு பிரிக்கலாம்ல?

முடியாது. (க + 3)² என்பது க² + 6க + 9. நடுவில் 6க இருக்கிறது. க = 1 போட்டால் ஒன்று 10, மற்றது 16. க எந்த மெய்யெண்ணாக இருந்தாலும் க² + 9 பூஜ்யமாவதே இல்லை. ஆகவே மெய்யெண் கெழுக்களைக் கொண்ட ஒருபடிக் காரணி அதற்குக் கிடையாது. (க² + 9)/(க + 3) ஏற்கெனவே எளிய வடிவில்தான் இருக்கிறது.

கனங்களின் கூடுதல் வேறு கதை: க³ + 27 = (க + 3)(க² − 3க + 9). ஆகவே (க³ + 27)/(க + 3) = க² − 3க + 9. அந்த மூன்று உறுப்புக் கோவையை மேலும் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், அது பிரியாது.

12. ரெண்டு எழுத்து கலந்து நாலு உறுப்பு வந்தா?

இரண்டிரண்டாகச் சேருங்கள். (கப + 2க + 3ப + 6)/(கப + 3ப): மேலே க(ப + 2) + 3(ப + 2) = (ப + 2)(க + 3); கீழே ப(க + 3). விடை (ப + 2)/ப. முதல் வரியில் நின்றுவிட்டு க(ப + 2)-வை மட்டும் பார்த்து எதையாவது அடிக்கப் போகாதீர்கள்; அங்கே நடுவில் இன்னும் கூட்டல் குறி இருக்கிறது. இரண்டு அடைப்பும் ஒரே மாதிரி வரவில்லை என்றால் உறுப்புகளின் வரிசையை மாற்றிச் சேர்த்துப் பாருங்கள்.

13. பெருக்கல், வகுத்தல்ல குறுக்கா அடிக்கலாமா?

பெருக்கலில் அடிக்கலாம். இரண்டு பின்னங்களையும் பெருக்கினால் மேலே உள்ளவை எல்லாம் ஒரே தொகுதி, கீழே உள்ளவை எல்லாம் ஒரே பகுதி. ஆகவே முதல் பின்னத்தின் மேலே இருப்பதை இரண்டாவதின் கீழே இருப்பதோடு அடிப்பதில் தவறில்லை. (க² − 4)/(க + 3) × (2க + 6)/(க − 2) என்பது (க + 2)(க − 2)/(க + 3) × 2(க + 3)/(க − 2). விடை 2(க + 2). முதலில் பெருக்கி விரித்துவிட்டுப் பிறகு காரணிப்படுத்தப் போனால் முப்படிக் கோவையில் மாட்டிக்கொள்வீர்கள்.

வகுத்தலில், இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கலாக மாற்றும் வரை எதையும் தொடாதீர்கள். (க² − 1)/(க + 4) ÷ (க − 1)/(க + 4) என்பதில் இரண்டு (க + 4)-களும் கீழே இருக்கின்றன. தலைகீழாக்கிய பிறகு ஒன்று மேலே வரும்: (க + 1)(க − 1)/(க + 4) × (க + 4)/(க − 1) = க + 1.

14. அப்போ கூட்டல்லயும் குறுக்கா அடிக்கலாமே? க/3 + 3/க = 1 + 1 = 2?

கூடவே கூடாது. க = 6 என்றால் 2 + 0.5 = 2.5. கூட்டல் குறியைத் தாண்டி எதுவும் அடிபடாது. மீச்சிறு பொது மடங்கு எடுத்துச் சேர்த்தால் (க² + 9)/(3க). 11-ஆம் கேள்வியில் சொன்னபடி மேலே பிரியாது, அங்கேயே முடிந்தது.

ஆனால் ஒவ்வொரு பின்னத்துக்குள்ளும் தனியாகச் சுருக்க முடிந்தால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். (க + 2)/(க² − 4) + 3/(க − 2) என்பதில் முதல் பின்னம் 1/(க − 2) ஆகிவிடும். விடை 4/(க − 2), ஒரே வரி. பொது மடங்கு தேடும் வேலையே இல்லை.

கழித்தலில் ஒரு பள்ளம் இருக்கிறது. (3க + 1)/(க − 2) − (2க + 3)/(க − 2): இரண்டாவது தொகுதியை அடைப்புக்குறியோடு எழுத வேண்டும். 3க + 1 − (2க + 3) = க − 2. விடை 1. அடைப்பில்லாமல் 3க + 1 − 2க + 3 என்று எழுதினால் க + 4 வரும், எதுவும் அடிபடாது. சுருங்க வேண்டிய கணக்கு சுருங்காமல் நின்றால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

15. விடை சரியான்னு நானே பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, அரை நிமிட வேலை. கொடுத்த கோவையிலும் உங்கள் விடையிலும் க = 10 போடுங்கள். 6-ஆம் கேள்விக் கணக்கில் 156/96, விடையில் 13/8. 156-ஐயும் 96-ஐயும் 12-ஆல் வகுத்தால் 13, 8. பொருந்துகிறது. அந்த 12 வேறெதுவும் இல்லை, நாம் அடித்த (க + 2)-தான். 13 என்பது (க + 3), 8 என்பது (க − 2). 10 போடுவதில் இப்படிக் காரணிகளே எட்டிப் பார்க்கும். காரணி தெரியாமல் திண்டாடும்போதும் இது கைகொடுக்கும்.

0, 1 இரண்டும் சோதனைக்கு ஆகாது. 1 போட்டால் க, க², க³ எல்லாமே 1. அடுக்கில் செய்த பிழை தெரியாது. 0 போட்டால் க உள்ள உறுப்பெல்லாம் மறைந்துவிடும். எண் பொருந்தவில்லை என்றால் விடை தப்பு என்பது உறுதி. பொருந்தினால் அநேகமாகச் சரி, அவ்வளவுதான்: (க + 3)/3 = க என்ற தப்பான விடைகூட க = 1.5 போட்டால் பொருந்தும். வேறொரு எண்ணையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

16. எங்க நிறுத்தணும்? விடையை விரிச்சு எழுதணுமா?

தொகுதிக்கும் பகுதிக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதபோது நிறுத்துங்கள். எண் காரணியையும் பாருங்கள். 2(க + 1)/(4க) என்று விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆயிற்று. விரிக்கச் சொல்லாத வரை காரணி வடிவிலேயே விடலாம், அதில்தான் எல்லாம் அடிபட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

17. விடைக்குப் பக்கத்துல க ≠ 3-னு எதுக்கு எழுதணும்? விடையில 3 போட்டா நல்லாத்தானே வருது?

(க² − 9)/(க − 3) = க + 3. வலப்பக்கம் க = 3 போட்டால் 6. இடப்பக்கம் போட்டால் 0/0. இரண்டு பக்கமும் எல்லா எண்களுக்கும் சமம் என்று சொல்லிவிட முடியாது. 3-ஐத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சமம். க = 2.9 என்றால் இரண்டும் 5.9, க = 3.1 என்றால் இரண்டும் 6.1, சரியாக 3-இல் மட்டும் இடப்பக்கத்துக்கு மதிப்பில்லை. வரைபடம் போட்டால் க + 3-இன் நேர்கோடே வரும், (3, 6) என்ற ஒரு புள்ளி மட்டும் ஓட்டையாக விடுபட்டிருக்கும்.

(க − 3)-ஐ அடித்தபோது அதனால் வகுத்தோம். அது பூஜ்யம் இல்லை என்று நம்பித்தான் வகுத்தோம். அந்த நம்பிக்கையை எழுதிவைப்பதுதான் க ≠ 3. அடிபடாமல் கீழேயே நிற்கும் காரணிக்குத் தனியாக எழுதாவிட்டாலும் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அடிபட்டு மறைந்த காரணிக்குத்தான் அவசியம் எழுத வேண்டும், ஏனென்றால் விடையைப் பார்த்து அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வகுத்தலில் கூடுதலாக ஒன்று: 13-ஆம் கேள்விக் கணக்கில் க ≠ −4 மட்டும் போதாது, க ≠ 1-உம் வேண்டும். க = 1 என்றால் வகுக்கும் பின்னமே பூஜ்யமாகிவிடும்.

18. 'விலக்கப்பட்ட மதிப்பு' காண்கன்னு கேட்டா சுருக்குறதுக்கு முன்னாடி பார்க்கணுமா, அப்புறமா?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூல், எளிய வடிவில் உள்ள கோவையை வரையறுக்க முடியாமல் செய்யும் மதிப்பையே விலக்கப்பட்ட மதிப்பு என்கிறது. ஆகவே அந்தக் கேள்விக்குச் சுருக்கிவிட்டுப் பகுதியைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்துங்கள். 6-ஆம் கேள்விக் கணக்கில் விடை 2. க/(க² + 1) போன்றவற்றுக்கு மெய்யெண்களில் விலக்கப்பட்ட மதிப்பே இல்லை.

ஆனால் கொடுத்த கோவை க = −2-இலும் 0/0 தான். அதை மறந்துவிடக் கூடாது. 'எளிய வடிவில் விலக்கப்பட்ட மதிப்பு 2; மூலக் கோவைக்கு க = −2-இலும் மதிப்பில்லை' என்று எழுதினால் இரண்டும் தெளிவாக இருக்கும், கேட்டதற்கும் விடை சொன்னதாகும். மேல்வகுப்பில் சார்பகம் (க எடுக்கக்கூடிய மதிப்புகளின் கணம்) கேட்கும்போது மூலக் கோவையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு மதிப்புகளையும் நீக்க வேண்டும்.

19. சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் இருக்கிற க-வை அடிக்கலாமா?

க² = 5க என்பதில் க-வை அடித்தால் க = 5 மட்டும் கிடைக்கும். க = 0 என்ற தீர்வு காணாமல் போய்விடும், ஏனென்றால் க பூஜ்யமாக இருக்கலாம் என்ற நிலையிலேயே அதனால் வகுத்துவிட்டோம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து க(க − 5) = 0 என்று காரணிப்படுத்துங்கள்; இரண்டு தீர்வும் கிடைக்கும்.

எதிர்ப்பக்கமாகவும் தவறலாம். (க² − 9)/(க − 3) = 6 என்ற சமன்பாட்டில் சுருக்கினால் க + 3 = 6, க = 3. ஆனால் க = 3-இல் இடப்பக்கத்துக்கு மதிப்பே இல்லை. ஆகவே இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு கிடையாது. 17-ஆம் கேள்வியில் க ≠ 3 என்று எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்தே இருக்காது.

20. முப்படிக் கோவை. காரணி கண்ணுக்கே தெரியல. என்ன செய்யறது?

காரணிகளைத் தேடாமலேயே மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிக்கலாம். எண்களுக்குச் செய்யும் அதே யூக்ளிட் முறைதான். (க³ − க² − க − 2)/(க³ + 4க² + 4க + 3) என்று எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பொதுவான காரணி எதுவாக இருந்தாலும் அது இரண்டின் வித்தியாசத்துக்கும் காரணியாக இருக்கும். கீழே உள்ளதிலிருந்து மேலே உள்ளதைக் கழியுங்கள்: 5க² + 5க + 5. இதில் 5-ஐ விட்டுவிடலாம். எண் காரணி இங்கே பொருட்டல்ல. மிஞ்சுவது க² + க + 1.

இப்போது இரண்டையும் இதனால் நீள் வகுத்தல் செய்யுங்கள். மேலே ஈவு க − 2, கீழே ஈவு க + 3, இரண்டிலும் மீதி 0. ஆகவே விடை (க − 2)/(க + 3). மீதி வந்திருந்தால், வகுத்த கோவையை அந்த மீதியால் வகுத்து, மீதி பூஜ்யமாகும் வரை தொடர வேண்டும். கடைசியில் வெறும் எண் மீதியாக வந்தால் பொதுக் காரணி இல்லை, பின்னம் சுருங்காது. நீள் வகுத்தலில் விடுபட்ட அடுக்குக்கு 0க², 0க என்று இடம் விட்டு எழுதுங்கள். க³ − 8 போன்ற கோவைகளில் இடம் விடாமல் எழுதி, உறுப்புகள் நிரல் மாறிப் போவதே வழக்கமான தவறு.

21. பின்னத்துக்குள்ள பின்னம் வந்தா? (1/க − 1/5)/(க − 5) மாதிரி?

உள்ளே இருக்கும் சிறு பின்னங்களின் பகுதிகளுக்கு மீச்சிறு பொது மடங்கு 5க. மேலேயும் கீழேயும் 5க-வால் பெருக்குங்கள். மேலே 5 − க, கீழே 5க(க − 5). 10-ஆம் கேள்வியில் பார்த்தபடி (5 − க)/(க − 5) = −1. விடை −1/(5க), க ≠ 5. க = 10 போட்டுச் சரிபார்த்தால் (0.1 − 0.2)/5 = −0.02; விடையிலும் −1/50 = −0.02.

பதினொன்றாம் வகுப்பில் எல்லை மதிப்பு படிக்கும்போது இதே கணக்கு திரும்ப வரும். அங்கே க ஆனது 5-ஐ நெருங்குகிறது, 5 ஆவதில்லை. அதனால் (க − 5) பூஜ்யம் இல்லை, தயங்காமல் அடிக்கலாம். இந்தக் கோவையின் எல்லை −1/25. (க² − 25)/(க − 5) என்றால் க + 5 ஆகி, எல்லை 10.